உன் நலம் எழுதவும்

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டு மூன்று திங்கள் ஆகின்றன. 'அகத்திணையில் காதல்' என்று தலைப்பையும் அவரே குறித்துக் கொடுத்தார். நான் தமிழை முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவள் அல்லள். ஓர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். சங்க நூல்களை நாற்பது வயதை நெருங்கிய பிறகு, உரைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறிப் படித்தேன். ஆகவே அகத்திணையைப் பற்றி அறிஞர்கள் எழுதுவதுபோல் என்னால் எழுத இயலாது. காதலைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதில் ஒருவர் தம்மை எப்படித் தொலைத்துவிடுகிறார் என்பது அது. அதைத்தான் எழுதப் போகிறேன். செயலாளர் பொறுத்தருள்க.

கோட்டியில் உள்ள பழைய ரெசிடென்சி மாளிகையை இந்நகரத் தமிழர்களில் அறியாதவர் குறைவு. 1949 முதல் அங்கே உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரி நடந்தது. 2022இல் அது மகளிர் பல்கலைக்கழகமாயிற்று. 1975 முதல் 1978 வரை நான் அங்கே பட்டப்படிப்புப் படித்தேன். இரு சிங்கங்கள் காவல் இருக்கும் அந்த அகன்ற படிகளில் அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோற்றை உண்டிருக்கிறேன். மாளிகைக்குப் பின்புறம், புதரும் கொடியும் மண்டிய ஓரிடத்தில், அதே மாளிகையின் சிறு உருவம் ஒன்று சுண்ணமும் கல்லுமாகச் சிதைந்து கிடந்தது. மாணவியர் அதைப் 'பொம்மை வீடு' என்போம். மழைக்காலத்தில் பாம்பு வரும் என்பதால் யாரும் அருகே செல்வதில்லை. நானும் என் தோழி ஒருத்தியும் மட்டும் செல்வோம். அவள் பழைய நகரத்தைச் சேர்ந்த உருதுப் பெண். பொம்மை வீட்டின் கதையை எனக்குச் சொன்னவள் அவளே.

1798 முதல் 1805 வரை நிஜாம் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர் ஜேம்ஸ் அகிலஸ் கிர்க்பாட்ரிக். அவர் கைருன்னிசா என்னும் உயர்குடிப் பெண்ணை விரும்பி, அதன்பொருட்டு இஸ்லாத்தைத் தழுவி, மணந்துகொண்டார். இந்தப் பெரிய மாளிகையைக் கட்டுவித்தவரும் அவரே. ஆயின் கோஷாவில் இருந்த மனைவிக்கு மாளிகையின் முன்புறத்திற்கு வர வழக்கம் இடந்தரவில்லை. அவர் வாழ்ந்தது பின்புறத்தில் தனியாக எழுப்பிய ரங்கமகாலில். மாளிகை எப்படி இருக்கும் என்று அந்த அம்மையார் அறிவதற்காகவே சிற்றுருவம் ஒன்றைக் கணவர் செய்து தோட்டத்தில் வைத்தார் என்று சொல்கிறார்கள்.

பதினெட்டு வயதில் இதைக் கேட்டபோது நாங்கள் இருவரும் உருகிவிட்டோம். எவ்வளவு பெரிய அன்பு என்று வியந்தோம். தன் கணவனின் வீட்டைப் பொம்மையாக மட்டுமே காணப் பெற்ற ஒருத்தியின் நிலையை எண்ணிப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

என் தந்தையார் இரயில்வே ஊழியர். 1966இல் தென்மத்திய இரயில்வே தோன்றிச் சிக்கந்தராபாத் அதன் தலைமையிடம் ஆனபோது மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கல்லூரிக்குச் செல்லும் பேருந்தில் என் கணவரைக் கண்டேன். அவர் தெலுங்கர். எங்கள் காதலில் கதைக்குரிய இடர் எதுவும் நேரவில்லை. இரு வீட்டிலும் ஓராண்டு முணுமுணுத்துவிட்டு 1981இல் மணம் செய்வித்தார்கள். தந்தையார் ஓய்வு பெற்றுத் தாயாருடன் மாயூரத்துக்கு அருகிலுள்ள சிற்றூருக்குத் திரும்பினார். நான் இங்கேயே தங்கினேன்.

என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. தந்தையார் தேடித் தேடி வைத்த பெயர். புகுந்த வீட்டில் அவ்வெழுத்து ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. கணவர் மூன்று நாள் முயன்றார். நான்காம் நாள் மாமியார் சிரித்துக்கொண்டே எனக்கு வேறொரு பெயர் சூட்டினார். அழகிய தெலுங்குப் பெயர். என்னை யாரும் வற்புறுத்தவில்லை என்பதை இங்கே உறுதியாகச் சொல்லவேண்டும். புதுச்சேலையை உடுத்துவதுபோல் நான் அதை மகிழ்ச்சியோடு ஏற்றேன். அவர் என்னை அப்பெயரால் முதன்முறை அழைத்தபோது உள்ளம் குளிர்ந்தது.

இந்நகரத்தின் பெயருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1591இல் இதனை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா, பாகமதி என்னும் ஆடல் மகளைக் காதலித்து, அவள் பெயரால் பாக்நகர் என்று இதற்குப் பெயரிட்டான் என்றும், மணந்தபின் அவளுக்கு ஹைதர் மகால் என்று பட்டம் சூட்டவே நகரமும் ஐதராபாத் ஆயிற்று என்றும் கூறுவர். எச். கே. ஷெர்வானி போன்ற வரலாற்றறிஞர்கள் இதை மறுத்தனர். குதுப் ஷாகி கல்லறைகளுக்கிடையே அவள் பெயர் தாங்கிய கல்லறை இல்லை. வெள்ளம் புரண்ட மூசியை இளவரசன் குதிரையில் கடந்ததைக் கண்டு தந்தை கட்டிய பாலம் என்று புராணாபுலைக் காட்டுவார்கள். அது கட்டப்பெற்ற 1578இல் அவ்விளவரசனுக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோதான். கதை பொய்யாகவே இருக்கலாம். ஆயினும் அதைக் கட்டியவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கிறது. முதலில் அவள் பெயர் ஊருக்கு ஆயிற்று. பிறகு அவளுக்கே வேறு பெயர் ஆயிற்று. முடிவில் அப்படி ஒருத்தி இருந்தாளா என்பதே ஐயமாயிற்று. படிப்படியாக நடக்கிறது. ஒவ்வொரு படியும் அன்பின் பெயரால் நடக்கிறது.

எனக்கும் அவ்வாறே நடந்தது. அதற்கு ஒரு நாளையோ ஒரு சண்டையையோ குறித்துக் காட்ட என்னால் ஆகாது. ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன்.

மணமான புதிதில், வாரந்தோறும் சிக்கந்தராபாத்தில் தமிழ்ப் பத்திரிகை வாங்கி வந்து இரவில் படிப்பேன். நகைச்சுவைப் பகுதி வந்தால் வாய்விட்டுச் சிரிப்பேன். ஒருநாள் கணவர், "எதற்குச் சிரிக்கிறாய்?" என்றார். மொழிபெயர்த்துச் சொல்ல முயன்றேன். தமிழ்ச் சிலேடை தெலுங்கில் உயிர் விட்டது. அவர் சற்று நேரம் கழித்து, குறையாக அன்று, மிக மென்மையாகச் சொன்னார்: "நீ அதைப் படித்துச் சிரிக்கும்போது நான் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருப்பதுபோல் இருக்கிறது." எவ்வளவு இனிய சொல்! அன்றே பத்திரிகையை மூடி வைத்தேன். அடுத்த வாரம் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு, வாங்கவில்லை என்பதே நினைவில் இல்லை. 'இனிப் படிக்காதே' என்று அவர் கட்டளையிட்டிருந்தால் நான் எதிர்த்து நின்றிருப்பேன். அந்தக் காலத்துப் பெண்தான் ஆயினும் எனக்கு அவ்வளவு நெஞ்சுரம் இருந்தது. அன்பாகச் சொன்ன சொல்லுக்கு எதிர்நிற்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் போயின. வத்தக்குழம்பு போயிற்று; கோங்கூரா வந்தது. அதற்காக நான் வருந்தவில்லை, ஆவக்காய் போடுவதில் என் நாத்தனார்களை நான் வென்றவள். அதிகாலையில் வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டுப் போயிற்று. ஓவியக் காட்சிக்குப் போகும் வழக்கம் போயிற்று. எல்லாவற்றினும் பெரியது ஒன்று போயிற்று. அதன் பெயர் எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை. உறவினர் வீட்டில் ஒருவர், "படம் எப்படி, பிடித்ததா?" என்று என்னைக் கேட்பார். நான் என் கணவரின் முகத்தைப் பார்ப்பேன். அச்சத்தால் அன்று. எனக்குப் பிடித்ததா இல்லையா என்னும் செய்தி அங்கேதான் இருந்தது.

சங்கப் பாடல்களைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ஏக்கம் தந்தவள் தலைவி அல்லள், தோழி. தலைவி மெலிந்தால், 'உன் வளை கழல்கிறது, நெற்றி பசந்துவிட்டது' என்று சொல்ல அவளுக்குத் தோழி இருந்தாள். தலைவனிடமே சென்று, நீ செய்வது முறையன்று என்று இடித்துரைக்கும் உரிமையும் அத்தோழிக்கு இருந்தது. எனக்கும் ஒருத்தி இருந்தாள். பொம்மை வீட்டின் கதையைச் சொன்னவள். மாதம் ஒருமுறை வருவாள். 1986ஆம் ஆண்டு ஒருநாள் விடைபெறும்போது வாயிலில் நின்று தன் தக்கணி உருதுவில் சொன்னாள்: "இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறேன். ஒருவரைத்தான் பார்க்க முடிகிறது." எனக்குக் கடுஞ்சினம் மூண்டது. பொறாமை என்று எண்ணினேன். பிறகு அவள் வரவில்லை, நானும் அழைக்கவில்லை. தோழியின் வேலையை அவள் செய்தாள். நான்தான் தலைவியின் வேலையைச் செய்யவில்லை.

இனிக் கடிதங்களுக்கு வருகிறேன்.

தந்தையார்க்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். நீல நிற இன்லண்டு. அதை மட்டும் நான் விடவில்லை. அக்காலத்துப் பெரியவர்களைப்போல் அவரும் வந்த கடிதங்களையெல்லாம் ஒரு வளைந்த இரும்புக் கம்பியில் குத்தி, சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். 1994இல் அவர் காலமானார். பதினாறாம் நாள் கழிந்தபின் தாயார் அந்தக் கம்பியை என் கையில் தந்து, "உன்னுடையது, எடுத்துக்கொண்டு போ" என்றார். பதின்மூன்று ஆண்டுக் கடிதங்கள். கம்பிக்குத் தலைதான் வாயில். ஆகையால் கடைசியாக எழுதியது மேலே இருக்கும், முதலில் எழுதியது அடியில் இருக்கும். திண்ணையில் அமர்ந்து மேலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

மேலே இருந்தவற்றில் என்னைக் காணவில்லை.

மிகைப்படுத்திக் கூறுகிறேன் என்று எண்ண வேண்டா. எண்ணிப் பார்த்தேன், கணக்கெழுதும் பழக்கம். 1993ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் 'அவர்' என்னும் சொல் பத்தொன்பது இடங்களில் வந்தது. 'நான்' ஓரிடத்தில் வந்தது: 'நான் நலம்'. 1990 மார்ச்சில் உசேன்சாகரில் நிறுவக் கொண்டுசென்ற பெரிய புத்தர் சிலை, மிதவை சாய்ந்து ஏரியில் மூழ்கியது, உயிர்களும் போயின. நகரமே கலங்கியது. அதைப் பற்றி எழுதியிருக்கிறேன்: 'அவர் மிகவும் வருந்துகிறார், இரவெல்லாம் உறக்கமில்லை.' நான் வருந்தினேனா? கடிதத்தில் இல்லை. நினைவைத் துருவிப் பார்க்கிறேன், அங்கும் இல்லை. என். டி. ராமராவ் ஆட்சியில் ஏரிக்கரைச் சாலையில் சான்றோர் சிலைகளை வரிசையாக நிறுவினார்களே, அவற்றைப் பற்றி: 'சிலைகள் நன்றாக அமைந்துள்ளன என்று அவர் சொல்கிறார்.' ஓவியமும் சிற்பமும் பார்ப்பதற்காகவே சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குப் பேருந்துக் காசு சேர்த்துக்கொண்டு ஓடிய பெண், ஒரு சிலை நன்றாக இருக்கிறதா என்று பிறர் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறாள்.

கீழே செல்லச் செல்லக் காலம் பின்னோக்கி நடந்தது. 1986. 1984. 'நான்' அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டத் தொடங்கியது. 1983இல் 'எனக்கு இது பிடிக்கவில்லை அப்பா' என்று ஒரு வரி. அதைக் கண்டதும் கண் கலங்கிற்று. எது பிடிக்கவில்லை என்பது முதன்மையன்று; வாடகை வீட்டின் சமையலறைச் சன்னலைப் பற்றிய முறையீடு அது. அடியில், 1981ஆம் ஆண்டுக் கடிதங்களில், வாய் ஓயாத ஒரு பெண் இருந்தாள். இடம் போதாமல் இன்லண்டின் ஓரங்களிலும் மடிப்புகளிலும் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். அவளை எனக்குத் தெரிந்திருந்தது. எங்கோ ஊருக்குப் போனவளை நெடுநாள் கழித்துக் கண்டதுபோல் இருந்தது.

தந்தையார் இவற்றை வாரந்தோறும் வரிசையாகப் படித்தவர். கம்பியில் குத்திக் குத்தி, தம் மகள் மங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். ஐதராபாத் திரும்பியபின் அவர் எனக்கு எழுதியவற்றைத் தேடி எடுத்தேன். நான் கம்பியில் கோத்து வைக்கவில்லை, எஞ்சியவை ஏழோ எட்டோ. அவற்றுள் மூன்று கடிதங்கள் ஒரே மாதிரியாக முடிந்தன: 'மாப்பிள்ளையின் நலம் முழுதும் அறிந்து மகிழ்ந்தேன். உன் நலம் எழுதவும்.' கடிதங்களில் வழக்கமாக வரும் முடிப்புரை என்று நான் மடித்து வைத்தது அது.

தொல்காப்பியம் அகப்பாடலுக்கு ஒரு விதி சொல்கிறது. ஐந்திணைக் காதலில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிக் கூறுதல் ஆகாது. காதல் எல்லார்க்கும் பொதுவாதலின் தனிப்பெயர் வேண்டா என்று ஆசிரியர்கள் விளக்குவார்கள். நல்ல விளக்கம்தான். நம் வீட்டுப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்லாமல் 'அவர்' என்று குறிப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிக்கொள்வேன். ஆனால் என் கடிதங்களில் பெயரிழந்தவர் அவர் அல்லரே.

குறுந்தொகையில் செம்மண்ணில் பெய்த மழையைக் காதலர் நெஞ்சக் கலப்புக்கு உவமை சொன்ன பாட்டை அறியாதவர் இல்லை. ஏ. கே. இராமானுசன் ஆங்கிலத்தில் பெயர்த்தபின் அதை உலகமும் அறியும். அதைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். கலப்பின் இனிமையைப் பாடியவர், தாமும் அந்தப் பாட்டுக்குள் கலந்து பெயர் மறைந்தார். எங்கள் சிற்றூரில் புதுமழைக்குப்பின் குளத்து நீர் செந்நிறமாக வரும். பாட்டி தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரசி வைப்பார். விடிவதற்குள் மண் அடியில் தங்கி நீர் தெளிந்துவிடும். மண்ணும் அதே குடத்தில்தான் இருக்கும். பிரித்துக் கொட்டிவிடுவதில்லை. அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் குடந்தான் நினைவுக்கு வருகிறது. புலமையுடையோர் நகைக்கலாம்.

நற்றிணையில் இன்னொருவர் இருக்கிறார். அவருக்கும் பெயர் இல்லை, உவமைதான் பெயர். தேய்புரிப் பழங்கயிற்றினார். பொருள் தேடிச் சென்றவனை நெஞ்சு வீட்டை நோக்கி இழுக்கிறது, அறிவு வினையை நோக்கி இழுக்கிறது. இரு யானைகள் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல் அவன் உடல் நடுவே கிடந்து வருந்துகிறது. இது ஆணின் நிலை. கிர்க்பாட்ரிக்கை எண்ணும்போது இந்தக் கயிறு என் கண்முன் வருகிறது. தொலைந்தது அந்த அம்மையார் மட்டும் அன்று. கணவரும் ஐதராபாத் உடையணிந்தார், இந்நகரத்துச் சீமான்களைப்போல் வாழ்ந்தார். கம்பெனிக்கு அவர்மேல் ஐயம் பிறந்தது. 1801இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி அவருடைய காதலைப் பற்றிச் சென்னையில் விசாரணையே நடந்தது! 1805இல் குழந்தைகள் இருவரையும் சென்னையில் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு மூன்று. அங்கே ஞானஸ்நானம் செய்து, சாகிப் ஆலம் வில்லியம் ஜார்ஜ் ஆனான். சாகிப் பேகம் காதரின் அரோரா ஆனாள். அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தந்தை கல்கத்தாவில் இறந்தார். தாய்க்கு அப்போது பத்தொன்பது வயது. பிறகு அவரை விரும்புவதாகக் கூறி நெருங்கிய ஹென்ரி ரசல் என்னும் ஆங்கிலேயர் 1808இல் சென்னையில் வேறொருத்தியை மணந்துகொண்டார். கைருன்னிசா 1813இல், இருபத்தேழாம் வயதில், இறந்தார். பிள்ளைகளை மீண்டும் பார்க்கவே இல்லை. இவ்வளவையும் வில்லியம் டால்ரிம்பிள் 2002இல் வெளியிட்ட பெரிய நூலில் விரிவாகக் கூறியிருக்கிறார். அதைப் படித்து முடித்தபோது எனக்கு எஞ்சியது ஒரு சிறு செய்தி. அந்த அம்மையாரைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் ஒருவர்க்கொருவர் எழுதிய கடிதங்களிலிருந்து. தம்மைப் பற்றித் தாமே எழுதியதாக நம் கைக்கு வந்தது இல்லை. நானோ பதின்மூன்று ஆண்டு தாளும் மையும் கையில் இருந்தும் எழுதாதவள்.

கம்பியோடு வீடு திரும்பிய இரவு கணவரிடம் எல்லாம் சொன்னேன். குற்றம் சாட்டிப் பேசவில்லை. சொல்லும்போதே எனக்குப் புலப்பட்டுவிட்டது, அவர்மேல் சாட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "நான் கேட்டேனா?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும் அமைதி. "பேருந்தில் நடத்துநரோடு சில்லறைக்குச் சண்டை போட்ட பெண்ணைத்தான் நான் விரும்பினேன். அவள் எங்கே போனாள் என்று எனக்கும் சில சமயம் தோன்றியதுண்டு. வயதானால் பெண்கள் அடங்கிவிடுவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அவருக்காகவே விட்டேன் என்று எண்ணியிருந்தேன். விட்டவற்றுள் அவர் விரும்பிய பெண்ணும் ஒருத்தி. பதின்மூன்று ஆண்டு அவரும் ஆளில்லாத வீட்டில் இருந்திருக்கிறார்.

அன்றிரவு என் பெயரைச் சொல்ல மீண்டும் முயன்றார். நாக்கை எங்கே மடக்குவது என்று காட்டினேன். வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் இன்றுவரை அது ளகரமாகவே வருகிறது. அவர் அப்படி அழைப்பதை இப்போது நான் திருத்துவதில்லை.

மறுவாரமே தமிழ்ப் பத்திரிகை வாங்கினேன், நூல்கள் வாங்கினேன் என்றெல்லாம் சொல்லி இதனை முடித்துவிடலாம். வாங்கியதும் உண்மை. தோழியைத் தேடிச் சென்றதும் உண்மை. அவர்கள் குடும்பம் வீடு மாறி, எங்கோ வெளிநாடு சென்றுவிட்டிருந்தது. எல்லாம் திரும்பக் கிடைப்பதில்லை. கிடைக்காதவற்றுள் முதன்மையானது இதுதான்: எங்கள் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 1985இல் பிறந்தவள், பேசுவாள், அரைகுறையாக. நான் அவளுக்கு எழுத்தறிவிக்க வேண்டிய ஆண்டுகளில்தான் நான் வீட்டில் இல்லையே.

கைருன்னிசாவின் மகள், இங்கிலாந்தில் கிட்டி என்று எல்லாரும் அழைத்த அந்தப் பெண், முப்பது ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின் ஐதராபாத்தில் உயிரோடிருந்த தன் பாட்டியைக் கடிதம் வாயிலாகக் கண்டடைந்தாள். ஒருத்தி ஆங்கிலத்தில் எழுத, மற்றவர் பாரசீகத்தில் எழுத, இடையில் யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன்.

சென்ற ஆண்டு தீபாவளியின்போது மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். எல்லாரும் உணவகம் சென்றோம். பரிமாறுபவர் மகளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். அவள் தன் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

மருமகன் நல்லவர். என் கணவரும் நல்லவர். இதில் உள்ள சிக்கலே அதுதான். எனக்குக் கையில் எடுத்த நீர் இறங்கவில்லை. அவளிடம் அறிவுரையாக ஏதேனும் சொல்லலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். என் தோழி என்னிடம் சொன்னதற்கு நான் என்ன செய்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. ஆகவே ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக வந்தபோது பரணிலிருந்த கம்பியை இறக்கி மேசைமேல் வைத்தேன். "தாத்தாவுக்கு நான் எழுதியவை. நான் படிக்கிறேன், நீ கேள்" என்றேன். எங்கிருந்து தொடங்குவது என்று அவளையே கேட்டேன். முதலிலிருந்து என்றாள். எல்லாவற்றையும் உருவி, தலைகீழாக அடுக்கிக்கொண்டோம்.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். முதல் நாள் படித்ததே 1981ஆம் ஆண்டுக் கடிதம். மாமியார் என்னிடம் துண்டு எங்கே என்று கேட்க, எனக்குத் தெலுங்கு வராமல், கொல்லைப்புறக் கொடியைக் காட்டித் "தொங்குது, தொங்குது" என்று தமிழில் சொல்லியிருக்கிறேன். தெலுங்கில் தொங்க என்றால் திருடன். மாமியார் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். பின்னாலேயே என் மாமனார் கைத்தடியோடு ஓடினார். அண்டை வீட்டார் இருவர் சுவரேறிப் பார்த்தனர். கொடியில் துண்டு காற்றாடிக்கொண்டிருந்தது. அதை நான் மடிப்பு ஓரத்தில் பொடி எழுத்தில் முழுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

வெளித் தாழ்வாரத்தில் நாளேடு படித்துக்கொண்டிருந்த கணவர், "என்ன சிரிப்பு?" என்று குரல் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முதலிலிருந்து தெலுங்கில் சொன்னேன். சிலேடை இம்முறை பிழைத்துக்கொண்டது. பாதி அவருடைய மொழியிலேயே இருந்ததால் இருக்கலாம். தம் தாயார் துடைப்பத்தோடு ஓடிய காட்சியை அவர் மறந்தே போயிருந்தார்.

1983ஆம் ஆண்டுச் சன்னல் முறையீடு வரை வந்திருக்கிறோம். அதற்கு மேற்பட்டவற்றை இன்னும் படிக்கவில்லை.